கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்றால் அந்தப் புத்தகங்கள் யாருக்காக?

கணக்குப்பிள்ளை எழுதியது:

இருபத்திரண்டு வருடமாகத் தணிக்கை வேலை. ஞாயிறு வகுப்பில் பிள்ளைகளுக்குப் பாடமும் எடுக்கிறேன். போன வாரம் வெளிப்படுத்தல் 20ஆம் அதிகாரம். மரித்தோர் சிறியோரும் பெரியோரும் சிங்காசனத்துக்கு முன் நிற்கிறார்கள், “புஸ்தகங்கள் திறக்கப்பட்டன” என்று வாசித்து முடித்தேன். பின் வரிசையில் இருந்து ஒரு பையன், பத்து வயது இருக்கும், கையைத் தூக்கினான். “கர்த்தருக்குத்தான் எல்லாமே தெரியுமே சார், அப்புறம் எதுக்கு எழுதி வச்சுப் பார்க்கணும்? மறந்துடுவாரா?”

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்து, “நல்ல கேள்வி, அடுத்த வாரம் பார்ப்போம்” என்று நழுவிவிட்டேன். அடுத்த வாரம் என்பது நாளன்றைக்கு வந்து நிற்கிறது.

பையனின் கேள்வியைப் பிடித்து இழுத்தால் பின்னாலேயே இன்னொன்றும் வருகிறது. நான் என்ன செய்யப்போகிறேன் என்பது அவருக்கு முன்பே தெரியும் என்றால், அதை நான் செய்ததற்காக என்னை விசாரிப்பது எப்படி? ஒன்றுக்கும் என்னிடம் நேரான பதில் இல்லை. வசனத்தை மட்டும் ஒட்டிவிட்டுப் போகாமல், யோசித்து எழுதுகிறவர்கள் எழுதுங்கள்.

—

சீர்திருத்தன் எழுதியது:

சகோதரரே, புத்தகம் என்பது உருவகம். தானியேல் 7:10இலும் இதே காட்சி இருக்கிறது. அரசர்களின் சபையில் ஏடு வைத்திருப்பார்கள், அந்தக் காலத்து மக்களுக்குப் புரியும்படி அப்படிக் காட்டப்பட்டது. இதில் குழம்ப ஒன்றுமில்லை.

இரண்டாவது கேள்விக்கு: நடக்கப்போவது தேவனுக்கு ஏன் தெரியும் என்றால், அவரே அதைத் தீர்மானித்திருக்கிறார். சீர்திருத்த சபைகள் ஏற்றுக்கொண்ட, 1646இல் எழுதி முடிக்கப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையின் மூன்றாம் அதிகாரத்தைப் பாருங்கள். எல்லாம் அவர் நிர்ணயித்தபடியே நடக்கிறது, ஆனாலும் பாவத்துக்கு அவர் காரணர் அல்ல, மனிதனின் சித்தத்தின் மேல் பலவந்தமும் இல்லை என்று ஒரே மூச்சில் சொல்லியிருப்பார்கள். இரண்டும் எப்படிச் சேரும் என்று கேட்பவருக்கு ரோமர் 9:20 போதும்.

—

சந்தேகி எழுதியது:

ரோமர் 9:20 என்றால் “நீ யார் கேட்பதற்கு” என்பதுதானே? நான் சபையை விட்டு வெளியே வந்ததே அந்த வரியை எனக்குப் பதிலாகப் பத்துத் தடவை கொடுத்ததால்தான்.

சின்ன வயதில் எனக்குச் சொல்லிக் கொடுத்த கடவுள் ஒரு கண். வேறு உறுப்பு எதுவும் அவருக்கு இருந்ததாக ஞாபகம் இல்லை. போர்வைக்குள் தலையை மூடிப் படுத்தாலும் பார்ப்பார், நினைப்பதையும் பார்ப்பார் என்றார்கள். ஏழு வயதில் ஒரு கெட்ட வார்த்தை மனதுக்குள் வந்துவிட்டது. வாயால்கூடச் சொல்லவில்லை. அன்று ராத்திரி முழுக்க விழித்துக் கிடந்தேன். மத்தேயு 12:36 வேறு இருக்கிறது, வீணான வார்த்தை ஒவ்வொன்றுக்கும் கணக்கு. ஏழு வயதுப் பிள்ளைக்கு இதைச் சொல்லலாமா?

சரி, அது என் சொந்தக் கதை. வாதத்துக்கு வருகிறேன். ஒருவன் பிறந்து, கெட்டு, தண்டனைக்குப் போவான் என்று அவனைப் படைக்கும் முன்பே தெரிந்திருந்தும் படைத்தால், தீர்ப்பு கடைசி நாளில் எழுதப்படுகிறது என்று எப்படிச் சொல்வது? அது முதல் நாளிலேயே எழுதியாகிவிட்டது. நடுவில் இருக்கும் அறுபது எழுபது வருடம் வெறும் ஒத்திகை.

—

பழையபக்கம் எழுதியது:

சந்தேகி கேட்பது பழைய கேள்வி. பழையது என்று சொல்லி ஒதுக்கவில்லை. இதை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கேட்டவர் ஒருவர் உண்டு. போவேத்தியுஸ், ரோமானிய அரசியலில் மிகப் பெரிய பதவியில் இருந்தவர். அப்போது இத்தாலியை ஆண்ட தியோடொரிக் மன்னன் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் போட்டான். 524ஐ ஒட்டி மரண தண்டனை நிறைவேறியது. அதற்காகக் காத்திருந்த நாட்களில் எழுதிய நூலின் கடைசிப் பகுதி முழுக்க இதுதான்: கடவுள் முன்பே அறிந்தால் எனக்குச் சுதந்திரம் ஏது?

அவர் கண்ட வழி இது. “முன்பே” என்ற சொல்லே நம்முடையது. நாம் காலத்துக்குள் வரிசையில் நிற்கிறோம், அதனால் நமக்கு முன்னும் பின்னும் உண்டு. கடவுளுக்கு எல்லாக் காலமும் ஒரே இப்போது. நீங்கள் ஒருவர் நடப்பதைப் பார்க்கிறீர்கள், உங்கள் பார்வை அவரை நடக்க வைப்பதில்லை. அதுபோல அவர் உங்கள் நாளையைப் பார்க்கிறார், அவ்வளவுதான். பின்னால் 13ஆம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் இதற்கு ஓர் உவமை வைத்தார். சாலையில் போகிறவனுக்குத் தன் பின்னால் வருகிறவன் தெரியாது. உயரத்தில் நின்று முழுச் சாலையையும் பார்ப்பவனுக்கு எல்லோரும் ஒரே நேரத்தில் தெரிவார்கள்.

—

சந்தேகி எழுதியது:

உயரத்தில் நிற்பவர் சாலையைப் போட்டவரும் அல்ல, நடப்பவர்களைப் படைத்தவரும் அல்லவே ஐயா. உவமை அங்கே உடைகிறது.

—

பழையபக்கம் எழுதியது:

உடைகிறது, ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் விவாதம் அங்கே நிற்கவில்லை. 1588இல் லூயிஸ் தெ மொலினா என்ற இயேசு சபைக்காரர் வேறொரு பக்கம் போனார். நடக்கக்கூடியவை எல்லாம் கடவுளுக்குத் தெரியும், நடக்கப்போகிறவையும் தெரியும். இரண்டுக்கும் இடையில் மூன்றாவதாக ஓர் அறிவு உண்டு என்றார்: இன்ன சூழ்நிலையில் இன்னார் தன் விருப்பப்படி என்ன செய்வார் என்பது. இடை அறிவு.

இதற்கு அவர்கள் பிடித்த வேதப்பகுதி எனக்கு மிகவும் பிடிக்கும். 1 சாமுவேல் 23. தாவீது கேகிலா என்ற ஊரைப் பெலிஸ்தரிடமிருந்து காப்பாற்றி அங்கேயே தங்கியிருக்கிறான். சவுல் துரத்தி வருவதாகச் செய்தி. தாவீது ஏபோத்தை, அதாவது கர்த்தரிடம் விசாரிக்க ஆசாரியர் அணியும் உடையை, கொண்டுவரச் சொல்லிக் கர்த்தரிடம் இரண்டே கேள்வி கேட்கிறான். சவுல் வருவானா? வருவான். நான் காப்பாற்றிய இந்த ஊர்க்காரர்கள் என்னை அவன் கையில் கொடுத்துவிடுவார்களா? கொடுப்பார்கள். தாவீது உடனே அறுநூறு பேரோடு ஊரை விட்டுப் போய்விடுகிறான். அது தெரிந்து சவுலும் வரவில்லை. ஆகவே ஒருவரும் காட்டிக் கொடுக்கவில்லை. அப்படியென்றால் கர்த்தர் சொன்னது என்ன? நடந்ததையும் சொல்லவில்லை, நடக்கப்போவதையும் சொல்லவில்லை. தாவீது அங்கேயே இருந்திருந்தால் நடந்திருக்கக்கூடியதைச் சொன்னார்.

தொமினிக்கன் துறவிகள் மொலினாவைக் கடுமையாக எதிர்த்தார்கள். ரோமில் விசாரணைக் குழு போட்டு வருடக்கணக்கில் வாதாடினார்கள். 1607இல் போப் 5ஆம் பவுல் யார் சரி என்று சொல்லாமலே முடித்துவைத்தார். ஒருவரையொருவர் பழித்துப் பேசக் கூடாது என்பது மட்டும்தான் உத்தரவு. இந்த இழைக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

—

இரவுப்பணி எழுதியது:

நான் செவிலியர். பெரிய தத்துவம் எல்லாம் தெரியாது, வார்டில் பார்த்ததைச் சொல்கிறேன்.

கடவுள் எல்லாவற்றையும் பார்க்கிறார் என்று பயப்படுகிறவர்களைக் கடைசி நேரத்தில் நான் அதிகம் பார்த்ததில்லை. யாருமே பார்க்கவில்லையோ என்று பயப்படுகிறவர்களைத்தான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒரு பாட்டி இருந்தார். பக்கவாதத்தில் படுத்த கணவரைப் பதினான்கு வருடம் தனியாகப் பார்த்துக்கொண்டவர். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை அவரைப் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகில் புண் வந்துவிடும். ராத்திரியும் அலாரம் வைத்து எழுந்து புரட்டியிருக்கிறார். கணவருக்கு ஒரு தடவைகூடப் படுக்கைப் புண் வந்ததில்லையாம். எங்கள் வேலையில் இருக்கிறவர்களுக்குத் தெரியும் அது எவ்வளவு பெரிய விஷயம் என்று. கணவர் கடைசியில் பேச்சும் நினைவும் இல்லாமல் போனார். பிள்ளைகள் இல்லை. “நான் எழுந்து எழுந்து புரட்டினது அவருக்கே தெரியாதும்மா. இதெல்லாம் எங்கேயாவது கணக்கில இருக்குமா?” என்று என்னிடம் கேட்டார். ராத்திரி மூன்று மணி இருக்கும்.

சங்கீதம் 56 எட்டாம் வசனம் எனக்கு அங்கேதான் புரிந்தது. “என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும், அவைகள் உம்முடைய கணக்கில் அல்லவோ இருக்கிறது?” துருத்தி என்றால் தோல் பை, வனாந்தரத்தில் தண்ணீர் கொண்டுபோவது. ஒரு சொட்டு வீணாகக் கூடாது என்று வைத்திருப்பது.

அந்தப் பையனிடம் இதைச் சொல்லுங்கள் அண்ணா. புத்தகத்தில் தப்பு மட்டும்தான் எழுதியிருக்கும் என்று யார் சொன்னது?

—

சந்தேகி எழுதியது:

அக்கா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஆனால் இது ஆசை. அந்தப் பாட்டியின் கணக்கு எங்காவது இருக்க வேண்டும் என்று எனக்கும் ஆசைதான். ஆசைப்படுவதால் அது இருந்துவிடாது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

இரவுப்பணி எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் தொழிலிலேயே ஒரு பதில் இருப்பது இப்போதுதான் உறைத்தது.

ஓர் இடத்தில் தணிக்கைக்குப் போகிறோம். பணம் எடுத்தவர் யார், எப்படி எடுத்தார் என்று மூன்றாம் நாளே தெரிந்துவிடும். வவுச்சர் எண் ஒன்று விட்டுப்போயிருக்கும், ஒரே மையில் மூன்று மாதத்துப் பதிவு இருக்கும், அடித்துத் திருத்திய இடத்தில் சுருக்கொப்பம் இருக்காது. நமக்குத் தெரிந்தாகிவிட்டது. ஆனாலும் அவரைக் கூப்பிட்டு, எதிரில் உட்கார வைத்து, பேரேட்டைத் திறந்து அவர் பக்கமாகத் திருப்பி வைப்போம். இந்தத் திருப்புதல் முக்கியம். அதற்கு முன்வரை அவர் பேசிக்கொண்டே இருப்பார். அவசரம், மறதி, மேலே இருப்பவர் சொன்னார், எல்லாம் வரும். அந்தப் பதிவின் மேல் விரலை வைத்து “இது உங்கள் எழுத்துதானே?” என்று கேட்டதும் பேச்சு நின்றுவிடும்.

விரல் வைக்கிறவருக்கு அந்தப் பேரேடு தேவையில்லை. எதிரில் இருப்பவருக்குத்தான் தேவை.

இந்தக் கண்ணோடு திரும்பிப் பார்த்தால் வேதம் முழுக்க இதுதான். தோட்டத்தில் “நீ எங்கே இருக்கிறாய்” என்று கேட்டவருக்கு ஆதாம் எந்த மரத்துக்குப் பின்னால் நிற்கிறான் என்று தெரியாதா? தம்பியைக் கொன்றுவிட்டு வந்த காயீனிடம் “உன் சகோதரனாகிய ஆபேல் எங்கே?” தாவீதின் கதை இன்னும் கூர்மை. தன் வீரன் உரியாவின் மனைவியை எடுத்துக்கொண்டது, அவனைப் போர்முனையில் நிறுத்திக் கொன்றது, அதற்கு உத்தரவிட்ட கடிதத்தை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பியது, எல்லாம் மூடியாகிவிட்டது. தீர்க்கதரிசி நாத்தான் வந்து குற்றப்பத்திரிகை வாசிக்கவில்லை. ஒரே ஓர் ஆட்டுக்குட்டி வைத்திருந்த ஏழையின் கதையைச் சொல்கிறான். தாவீது கொதித்துப்போய், அப்படிச் செய்தவன் சாக வேண்டும் என்று தானே தீர்ப்புச் சொல்கிறான். அதற்குப் பிறகுதான் “நீயே அந்த மனுஷன்”.

—

சந்தேகி எழுதியது:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள் அண்ணா. ஆனால் பதில் தெரிந்துகொண்டே கேள்வி கேட்பது போலீசும் செய்வதுதான். அப்புறம், எல்லா இடத்திலும் அவர் தெரிந்துகொண்டே கேட்கவில்லை. சோதோமைப் பற்றி ஆதியாகமம் 18இல் “நான் இறங்கிப்போய்... பார்த்து அறிவேன்” என்கிறார். மகனைப் பலியிட ஆபிரகாம் கத்தியை ஓங்கிய பிறகு “இப்பொழுது அறிந்திருக்கிறேன்” என்கிறார். அப்படியென்றால் அதற்கு முன் அறியவில்லையா? உங்கள் வேதமே இரண்டு விதமாகப் பேசுகிறது.

—

பழையபக்கம் எழுதியது:

இதை அப்படியே எடுத்துக்கொண்டவர்களும் கிறிஸ்தவர்களுக்குள் இருக்கிறார்கள். எதிர்காலம் இன்னும் முடிவாகாதது, ஆகவே மனிதர் சுதந்திரமாக எடுக்கப்போகும் முடிவு கடவுளுக்கே திறந்த விஷயம் என்பது அவர்கள் வாதம். 1994இல் கிளார்க் பின்னாக் உட்பட ஐந்து பேர் சேர்ந்து இதைப் புத்தகமாகவே போட்டார்கள். அமெரிக்காவில் சுவிசேஷ இறையியலாளர் சங்கம் 2003இல் பின்னாக்கையும் ஜான் சாண்டர்ஸையும் நீக்குவதா என்று வாக்கெடுப்பு நடத்தியது. இரண்டு பேருமே தப்பித்தார்கள்.

எனக்கு அந்தப் பக்கம் சாய மனம் வரவில்லை. சோதோம் வசனத்தில் நான் பார்ப்பது ஒரு நீதிபதியின் ஒழுங்கு. கூக்குரல் வந்தது என்பதற்காக உட்கார்ந்த இடத்திலிருந்து தண்டிக்காமல், இறங்கிப் போய்ப் பார்க்கிறார். ஆபிரகாம் பேரம் பேச இடம் கொடுக்கிறார். எத்தனை நீதிமான்கள் இருந்தால் ஊரை விட்டுவிடுவீர் என்று, ஐம்பதிலிருந்து பத்து வரைக்கும்.

—

சீர்திருத்தன் எழுதியது:

தேவன் கற்றுக்கொள்கிறார் என்பவர்களுக்கெல்லாம் இங்கே மேடை கொடுப்பது சரியல்ல. எதிர்காலம் அவருக்கே தெரியாது என்றால் தீர்க்கதரிசனம் எதற்கு? பேதுருவிடம் சேவல் கூவும் முன் மூன்று தரம் மறுதலிப்பாய் என்றது ஊகமா? இந்தத் தளத்தில் வரவர யார் வேண்டுமானாலும் எதையும்

—

மட்டுறுத்துநர்:

மேலே உள்ள பதிவின் கடைசி நான்கு வரியை நீக்கியிருக்கிறேன். பேதுருவைப் பற்றிய வாதம் நல்ல வாதம், அது இருக்கட்டும். 5ஆம் பவுலின் உத்தரவை எல்லோரும் இன்னொரு தடவை படிக்கவும்.

—

மறுகரை எழுதியது:

கத்தோலிக்கப் பக்கத்திலிருந்து ஒன்று. எங்களுக்குத் தீர்ப்பு இரண்டு. சாகும்போதே ஆளுக்கு ஆள் தனித்தீர்ப்பு, உலக முடிவில் எல்லோருக்கும் பொதுத்தீர்ப்பு. இது தெளிவாக வரையறுக்கப்பட்டதற்குப் பின்னால் ஒரு ரகளை உண்டு. 22ஆம் ஜான் என்ற போப், இறந்த நல்லவர்கள்கூடக் கடைசி நாள் வரை கடவுளை நேருக்கு நேர் பார்ப்பதில்லை என்று மறையுரை வைத்தார். போப்பே இப்படிச் சொல்கிறாரே என்று பெரிய எதிர்ப்பு. 1334இல் மரணப் படுக்கையில் அதைத் திரும்பப் பெற்றார். அடுத்து வந்த 12ஆம் பெனடிக்ட் 1336இல் முடிவாக எழுதினார்: தூய்மையான ஆன்மாக்கள் உடனே காண்கிறார்கள், பொதுத்தீர்ப்பு அப்படியே இருக்கிறது.

சிறுவயதில் எனக்கு இது வேடிக்கையாக இருந்தது. ஒரே வழக்குக்கு எதற்கு இரண்டு தீர்ப்பு? அக்குவினாஸ் சொல்லும் காரணத்தைப் பிற்பாடு படித்தேன். மனிதன் சாகும்போது அவன் வாழ்க்கை முடிகிறது, அவன் செய்தது முடிவதில்லை. அவன் பிள்ளைகளில், அவனைப் பற்றிய பேச்சில், அவனால் ஏமாந்தவர்களில் அது ஓடிக்கொண்டே இருக்கிறது. நல்லவனுக்குக் கெட்ட பேர் நிற்கும், கெட்டவனுக்கு நல்ல பேர் நிற்கும். கிறிஸ்து கடவுளுக்குச் சமமல்ல என்று போதித்த ஆரியுஸ் செத்துப் பல நூற்றாண்டு ஆன பிறகும் அவன் போதனை ஆளைக் கெடுத்துக்கொண்டிருக்கிறது என்று உதாரணம் காட்டுகிறார். ஒருவன் செய்ததன் முழு நீளமும் தெரிய வேண்டும் என்றால் உலகம் முடிகிற வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கணக்கு முடிக்கிற தேதி நாம் சாகிற தேதி இல்லை என்று கணக்குப்பிள்ளை பாஷையில் சொல்லலாமா?

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

சொல்லலாம். சொல்லிவிட்டீர்கள், எனக்குத்தான் நேற்றுத் தூக்கம் போய்விட்டது.

இதை எழுதுவதா வேண்டாமா என்று யோசித்தேன். பேர் இல்லாத இடம், எழுதுகிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு நிறுவனத்தின் கணக்கில் பெரிய தொகை ஒன்று குறைந்தது. மேலே இருந்தவர் எடுத்திருக்கிறார் என்று எனக்குத் தெரியும். அறிக்கையில் “எழுத்தரின் கவனக்குறைவால் நேர்ந்த பிழை” என்று ஒரு வரி எழுதும்படி சொன்னார்கள். எழுதினேன். கையெழுத்தும் போட்டேன். அந்த எழுத்தரை வேலையை விட்டு நீக்கினார்கள். அவர் என்னிடம் வந்து சண்டை போடவில்லை. “சார், உங்களுக்குத் தெரியுமே” என்று மட்டும் சொன்னார். சில வருடம் கழித்து இறந்துபோனார் என்று கேள்விப்பட்டேன். எடுத்தவர் ஓய்வு பெற்று மரியாதையாக இருக்கிறார்.

கோப்பு மூடியாகிவிட்டது. தெரிந்தவன் நான் ஒருவன்தான். நான் பேரேட்டைத் திருப்பி வைக்கும் கதையைப் பெருமையாக எழுதினேனே, அதைத் தட்டச்சு செய்யும்போதே இது உள்ளே குத்திக்கொண்டிருந்தது.

ஆண்டவரிடம் மன்னிப்புக் கேட்டிருக்கிறேன், நிறையத் தடவை. எரேமியா 31இல் “அவர்கள் பாவங்களை இனி நினையாதிருப்பேன்” என்று இருக்கிறது. அப்படியென்றால் மன்னிக்கப்பட்ட பதிவு அந்தப் புத்தகத்தில் இருக்குமா, இருக்காதா?

—

பழையபக்கம் எழுதியது:

முதலில், எழுதியதற்கு நன்றி.

இதே கேள்வியை மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி எடுத்திருக்கிறார். 1758 மார்ச்சில், பெட்ஃபர்ட் நகரத்தில், வழக்குகளை விசாரிக்க வந்த நீதிபதியை முன்னால் வைத்துக்கொண்டு கடைசி நியாயத்தீர்ப்பைப் பற்றிப் பிரசங்கம் செய்தார். இரட்சிக்கப்பட்டவர்களின் பாவங்களும் அன்று வெளியே வருமா? வராது என்பவர்கள் காட்டுவது உங்கள் எரேமியா வசனத்தைத்தான். வெஸ்லி வரும் என்கிறார். இருளிலிருந்து எவ்வளவு தூரம் ஒருவன் தூக்கி எடுக்கப்பட்டான் என்பது தெரிய வேண்டுமானால் அந்த இருளும் தெரிய வேண்டும். அது அவனுக்கு எதிராகச் சொல்லப்படாது, அவ்வளவுதான்.

“நினையாதிருப்பேன்” என்பதை ஞாபகமறதியாக எடுக்க வேண்டாம். எபிரெயத்தில் நினைப்பது என்றால் அதன்படி செயலில் இறங்குவது. பேழைக்குள் இருந்த நோவாவைத் தேவன் நினைத்தருளினார் என்று வருகிறதே, அதுவரை மறந்துபோயிருந்தார் என்றா அர்த்தம்? நினையாதிருப்பேன் என்றால் அதை உன்மேல் சுமத்தி நடக்க மாட்டேன் என்பது. தெரியாமல் போவதல்ல.

—

சந்தேகி எழுதியது:

மன்னிக்கவும், இதை மென்மையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அண்ணா மன்னிப்புக் கேட்டார், கடவுள் மன்னித்தார், நினைக்க மாட்டார். சரி. அந்த எழுத்தர்? அவர் மன்னித்தாரா? அவரை யாராவது கேட்டார்களா? “கவனக்குறைவு” என்ற சொல்லோடு செத்துப்போனார். அவரிடமிருந்து எடுத்ததை, அவரைக் கேட்காமலே, மூன்றாவது ஆள் தள்ளுபடி செய்ய முடியுமா? தணிக்கைக்காரர் இதை ஒத்துக்கொள்வாரா?

யாருக்கும் தெரியாமல் அந்த மனிதரின் பேர் அப்படியே கெட்டுக்கிடக்கும் என்றால் எனக்கு வயிறு எரிகிறது.

—

இரவுப்பணி எழுதியது:

தம்பி, நேற்று நான் சொன்னதை ஆசை என்றீர்கள். இன்றைக்கு உங்களுக்கு எரிவதும் அதே இடத்தில்தானே? ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூப்பிடுகிறது என்று வருகிறது. செத்தவன் புகார் கொடுக்க முடியாது, ஆனாலும் வழக்கு பதிவாகியிருக்கிறது.

கணக்குப்பிள்ளை அண்ணா, உங்களை நோகடிக்கச் சொல்லவில்லை. மத்தேயு 5இல் காணிக்கையைப் பலிபீடத்தண்டை வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகு என்கிறார் இயேசு. வரி வசூலிக்கிற சகேயு, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பத் தருகிறேன் என்றான். ஆண்டவரிடம் நிறையத் தடவை கேட்டேன் என்கிறீர்களே, ஏன் நிறையத் தடவை கேட்க வேண்டியிருந்தது? அந்த எழுத்தர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா?

—

மறுகரை எழுதியது:

சந்தேகி முதலில் சொன்ன ‘கண்’ எனக்கு ஒரு படத்தை ஞாபகப்படுத்திக்கொண்டே இருக்கிறது. மாட்ரிட்டில் பிராடோ அருங்காட்சியகத்தில், ஹியரோனிமஸ் போஸ் வரைந்ததாகச் சொல்லப்படும் ஒரு பலகை. ஸ்பெயின் அரசர் 2ஆம் பிலிப் தன் சொந்த அறையில் வைத்திருந்தது. நடுவில் பெரிய வட்டக் கண். அதைச் சுற்றி ஏழு தலையான பாவங்கள், எல்லாம் சாதாரண வீட்டுக் காட்சிகள். ஒரு பெண் கண்ணாடியில் தலையலங்காரம் பார்த்துக்கொண்டு நிற்கிறாள், கண்ணாடியைப் பிடித்திருப்பது பிசாசு என்பதை அவள் கவனிக்கவில்லை. அந்தக் கண்ணுக்குள் லத்தீனில் ஒரு வரி: கவனம், கவனம், ஆண்டவர் பார்க்கிறார்.

இதுவரை எல்லாம் சந்தேகிக்கு ஏழு வயதில் சொன்னதுதான். ஆனால் படத்தின் கிட்டே போனால் கருவிழிக்குள் ஓர் ஆள் இருக்கிறார். கல்லறையிலிருந்து எழுகிற கிறிஸ்து, விலாக் காயத்தைக் காட்டிக்கொண்டு. அந்த ஏழு காட்சியையும் பார்க்கிற கண்ணுக்குள்ளே ஒரு காயம் இருக்கிறது. தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு இது தெரியாது.

—

சந்தேகி எழுதியது:

படத்தைத் தேடிப் பார்த்தேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எனக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் கண்ணைச் சொன்னார்கள், கருவிழியைச் சொல்லவில்லை. அவ்வளவுதான் சொல்ல முடியும் இப்போதைக்கு. முன்னறிவு பற்றிய என் வாதம் அப்படியே நிற்கிறது, அதை யாரும் அசைக்கவில்லை.

—

சீர்திருத்தன் எழுதியது:

அசைக்கவில்லை என்பது உண்மை. நானும் அசைத்ததாக நினைக்கவில்லை. அந்த 9:20ஐ வாயை அடைக்க எடுத்தது தவறு, சந்தேகி சகோதரரே. பவுல் அந்தப் பகுதியைத் தொடங்குவதே தன் ஜனத்துக்காக இடைவிடாத மனவேதனை உண்டு என்றுதான். அந்த வேதனை இல்லாமல் இருபதாம் வசனத்துக்கு நேராகப் போகக் கூடாது.

மறுகரை சொன்னதோடு ஒன்று. யோவான் 5:27இல் நியாயந்தீர்க்கும் அதிகாரம் குமாரனுக்குக் கொடுக்கப்பட்டதற்குக் காரணம் சொல்லியிருக்கிறது: அவர் மனுஷகுமாரனாயிருக்கிறபடியால். பொய்ச்சாட்சியில் தண்டனை வாங்கிய ஒருவர்தான் அந்த ஆசனத்தில் உட்காருகிறார். அந்த எழுத்தரின் வழக்கு அவருக்குப் புதிதாக இருக்காது.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஞாயிறு வகுப்பு முடிந்தது. பையனிடம் பேரேட்டைத் திருப்பி வைக்கிற கதையைச் சொன்னேன். பேரைச் சொல்லாமல், தப்பு செய்தவர் ஒரு தணிக்கைக்காரர் என்றும் சொன்னேன். “அப்போ அவருக்கே அவர் புக்கைக் காட்டுவாங்களா?” என்றான். ஆமாம் என்றேன். “பாட்டிக்கும் காட்டுவாங்களா?” என்றான், அந்தப் பதினான்கு வருடக் கதையையும் சொல்லியிருந்தேன். ஆமாம் என்றேன். சரி என்று தலையாட்டிவிட்டு விளையாடப் போய்விட்டான்.

எழுத்தருக்கு ஒரு மகள் இருக்கிறாள். எங்கே இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். நேற்றுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியை “அந்தத் தவறு நேர்ந்தபோது” என்று எழுதியிருக்கிறேன். இருபது வருடம் அறிக்கை எழுதிய கை, தானாக அப்படித்தான் வருகிறது. அடித்துவிட்டு “நான் அந்தத் தவறைச் செய்தபோது” என்று மாற்றினேன். அதற்கு மேல் இன்னும் போகவில்லை. எடுத்தவர் யார் என்பதையும் எழுத வேண்டும், அந்த அறிக்கை பொய் என்று கையெழுத்துப் போட்டு நிறுவனத்துக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும். என் வேலைக்கு அதனால் என்ன ஆகும் என்பது தெரியும்.

—

சந்தேகி எழுதியது:

அண்ணா, கடிதத்தில் “கடவுள் என்னை மன்னித்துவிட்டார்” என்று எங்கும் எழுதிவிடாதீர்கள். அவள் அப்பாவைப் பற்றி எழுதுங்கள். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை அப்படியே போடுங்கள்.

—

கணக்குப்பிள்ளை எழுதியது:

போட்டுவிட்டேன். அதுதான் இப்போது இரண்டாவது வரி.